சக்கரத்தடியில் ஒரு கல்

கணுக்காலில் தகடு வைத்ததிலிருந்து என்னால் பேருந்தைத் துரத்த முடிவதில்லை. முப்பது வருடங்களுக்கு மேல் துரத்தியிருக்கிறேன். எட்டாம் வகுப்பைப் பாதியில் விட்டுவிட்டு லாரியில் கிளீனராக ஏறிய நாளிலிருந்து, நகரும் வண்டியில் தொற்றிக்கொள்வது ஒன்றைத்தான் ஒழுங்காகக் கற்றிருந்தேன். அதுவும் போய்விட்டது. அதனால் புதுக்கோட்டைப் பக்கத்துக் குகைகளையும் மலைகளையும் பார்ப்பதற்கு, வாழ்க்கையில் முதல்முறையாக, எனக்கென்று தனியாக ஒரு கார் பேசினேன். ஒரு பகல் முழுக்க ஒரு வண்டி என் சொல் கேட்கும் என்ற நினைப்பே சுகமாக இருந்தது. அந்தச் சுகம் காலை ஆறே முக்கால் வரை நீடித்தது.

ஆறே முக்காலுக்கு விடுதி வாசலில் வந்து நின்ற ஓட்டுநரின் பெயர் கருப்பையா. நாற்பத்தைந்து வயது இருக்கலாம். மஞ்சள் வேட்டி, தோளில் மஞ்சள் துண்டு, வலது மணிக்கட்டில் மஞ்சள் கிழங்கு வைத்து முடிந்த காப்பு. காலில் செருப்பு இல்லை. இறங்கியவர் எனக்கு வணக்கம் சொல்வதற்கு முன்னால், சுவரோரம் கிடந்த ஒரு கல்லைக் காலாலேயே தள்ளிக்கொண்டு வந்து பின் சக்கரத்துக்கு அணைவாக வைத்தார்.

"ஹேண்ட் பிரேக் பிடிக்காதுங்களா?" என்றேன்.

"நல்லாப் பிடிக்கும்ண்ணே. இது பழக்கம்." பிறகு மூச்சு விடாமல், "ஒன்னு மட்டும் முன்னாடியே சொல்லிர்றேன். நாலு மணிக்கு நான் எங்க ஊர்ல நிக்கணும்."

"நான் ஆறரை வரைக்கும் பேசியிருக்கேன்."

"அது ஓனரு பேசுனது. இது நான் பேசுறது."

அன்றைக்கு அவர் ஊரில் மாரியம்மன் தேர். தேருக்கு பிரேக்கும் கிடையாது, ஸ்டியரிங்கும் கிடையாது. நிறுத்த வேண்டுமானாலும் திருப்ப வேண்டுமானாலும் ஓடும் சக்கரத்துக்கு முன்னால் மரக்கட்டை போட வேண்டும். எந்தச் சக்கரத்துக்கு, எவ்வளவு சாய்வாக, எந்த நொடியில் என்பதுதான் வேலை. தப்பினால் தேர் வீட்டுச் சுவரில் ஏறும். அல்லது போட்டவன் கால்மேல் ஏறும். அந்த ஊரில் கட்டை போடுவது கருப்பையா வீட்டு உரிமை. அவர் அப்பாவுக்குப் பிறகு பதினோரு வருடமாக அவர்தான் போடுகிறார். ஆனால் அவருடைய சித்தப்பா மகன் செல்லையா, அந்த உரிமை தன் வீட்டுக்கும் உண்டு என்று நாலைந்து வருடமாகச் சண்டை பிடிக்கிறார். ஊர்க்காரர்கள் கூடிப் பேசி முடிவு சொல்லியிருக்கிறார்கள். வடத்தைத் தொடும்போது கருப்பையா சக்கரத்தடியில் நிற்க வேண்டும். நிற்கவில்லை என்றால் கட்டை செல்லையாவுக்கு.

"ஒரு தடவை கை மாறுச்சுன்னா மாறுனதுதாண்ணே. அப்பறம் திரும்பாது."

"இவ்வளவு இருக்கும்போது இன்னைக்கு எதுக்கு வண்டி எடுத்தீங்க?"

காப்புக் கட்டியவர் இரவு வெளியூரில் தங்கக்கூடாது. எட்டு நாளாக வந்த வெளியூர் வாடகையெல்லாம் முடியாது என்று சொல்லியிருக்கிறார். நேற்று ஓனர், "நீ தேரவே ஓட்டிக்க, காருக்கு வேற ஆளப் பாத்துக்குறேன்" என்றாராம். பக்கத்திலேயே சுற்றுகிற பகல் வண்டிக்கும் முடியாது என்றால் சாவியைப் பிடுங்கிவிடுவார். எனவே வந்துவிட்டார். சாமிக்கும் ஓனருக்கும் நடுவில் என்னுடைய ஒரு நாள் போய் மாட்டிக்கொண்டது.

என் திட்டம் எளிமையானது. காலையில் சித்தன்னவாசல், பிறகு குடுமியான்மலை, மாலையில் நார்த்தாமலை. நார்த்தாமலைப் பாறையில் சோழர் கோயில் வாசலில் உட்கார்ந்து சூரியன் இறங்குவதைப் பார்க்க வேண்டும் என்று இதற்கு முன் நாலு தடவை வந்திருக்கிறேன். ஒரு தடவை மழை. மூன்று தடவை கடைசிப் பேருந்து. இந்தத் தடவை பேருந்துக் கவலை இருக்கக் கூடாது என்பதற்காகத்தான் காரே பேசினேன்.

"நார்த்தாமலைய விட்ருங்கண்ணே," என்றார் கருப்பையா. "எங்க ஊர்ல ஒரு பாறை இருக்கு. அதுல ஏறுனா நார்த்தாமலையே நல்லாத் தெரியும்."

"நார்த்தாமலையைப் பார்க்க நான் எதுக்கு உங்க ஊர்ல ஏறணும்?"

கடைசியில் ஒப்பந்தம் ஆனது. மூன்று மணிக்கு என்னை நார்த்தாமலையில் இறக்கிவிட்டு அவர் ஊருக்குப் போவார். தேர் நிலைக்கு வந்ததும் வந்து கூட்டிப்போவார். இது நடக்கும் என்று இரண்டு பேருமே நம்பினோம்.

சித்தன்னவாசலில் கேட் திறக்கும் வரை காத்திருந்தோம். பின் சக்கரத்துக்கு ஒரு கல் வந்தது. எங்கள் ஆத்தூர்ப் பக்கம் மலை என்றால் மரம் இருக்கும், குளிர்ந்த காற்று இருக்கும், தேன் விற்கிறவர் இருப்பார். இந்த மாவட்டத்தில் மலை என்றால் ஒரே பாறைதான். யாரோ கொண்டுவந்து கவிழ்த்த மாதிரி சமவெளியில் தனியாகக் கிடக்கும். பங்குனி வெயில் ஒன்பதரைக்கெல்லாம் அதில் ஏறி உட்கார்ந்துவிட்டது. கருப்பையா வெறுங்காலோடு என் பின்னால் வந்தார். சுடவில்லையா என்று கேட்டேன். "சுடும்ண்ணே. நீங்க வெரசா நடந்தீங்கன்னா கொஞ்சமாச் சுடும்" என்றார்.

வேகமாக நடக்கத்தான் என்னால் ஆகவில்லை. ஏழடிப்பட்டம் என்று சொல்லும் சமணர் படுக்கைகளுக்கு மலையின் உச்சிவரை ஏறி மறுபக்கம் இறங்க வேண்டும். கம்பி போட்டிருக்கிறார்கள். அதைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியிலும் நல்ல காலை முதலில் வைத்து, தகட்டுக் காலை இழுத்துக்கொண்டேன். திருச்சியிலிருந்து வந்த ஒரு குடும்பம் எங்களைத் தாண்டிப் போனது. அந்த அம்மாள் கணவரிடம், "இவரே ஏறுறாரு, ஒங்களுக்கு என்ன வந்துச்சு" என்றார். கணவர் என்னை முறைத்தார்.

பாறைக்கு அடியில் வழவழவென்று தேய்த்த படுக்கைகள். கல்லிலேயே தலையணை. சாப்பாட்டை விட்டு இங்கே படுத்து உயிரைவிட்டார்கள் என்று பலகையில் எழுதியிருக்கிறது. நான் கோயில் மண்டபங்களிலும் ரயில் நிலையங்களிலும் லாரிக்கு அடியிலும் படுத்திருக்கிறேன். படுக்க ஓர் இடம் எப்படி இருக்க வேண்டும் என்று எனக்குத் தெரியும். இது நல்ல இடம். காற்று வருகிறது, மழை வராது. அங்கே ஐந்து நிமிடம் சும்மா உட்காரலாம் என்று கம்பியோரம் சாய்ந்தபோது கருப்பையாவின் கைபேசி அடித்தது. அவர் எல்லா அழைப்பையும் சத்தமாக வைத்துத்தான் பேசுவார்.

"அண்ணே, எங்க இருக்கீக?" செல்லையாவின் குரல் தேன் மாதிரி இருந்தது.

"மலைமேல."

"அப்ப மெதுவாவே எறங்குங்க. விழுந்துகிழுந்து வச்சுராதீக. இங்கிட்டு நான் கட்டைக்கு எண்ணெய் போட்டுக்கிட்டு இருக்கேன்."

"கட்டையில கை வைக்காத."

"தொடச்சுத்தான வைக்கிறேன். ஒங்க கட்டைதான்ணே, ஒங்க கட்டைதான்."

அதற்குப் பிறகு நான் உட்காரவில்லை. குகைக் கோயிலின் விதானத்துத் தாமரைக் குளத்தை அண்ணாந்து பார்த்தபோதும் கருப்பையா வாசலில் கைபேசியைப் பார்த்துக்கொண்டு நின்றார். பூப்பறிக்கும் ஒருவர், மீன், யானை, எருமை, அழிந்தது போக மீதி நிறம். காவலர் உள்ளறையில் நின்று மூச்சை அடக்கி 'ம்' என்று முனகிக் காட்டினார். சத்தம் சுவரிலிருந்து வந்தது. நானும் முனகினேன். வெளியே கருப்பையா இருமினார்.

குடுமியான்மலைக்கு நாங்கள் போய்ச் சேர்ந்தபோது பன்னிரண்டுக்கு இன்னும் கால் மணி இருந்தது. அர்ச்சகர் சாவிக்கொத்தோடு வெளியே வந்துகொண்டிருந்தார். "நடை சாத்துற நேரத்துல வாரீங்களே" என்றார். மண்டபத்துத் தூண் சிலைகளை, கடைக்குள் திருடன் நோட்டம் விடுகிற மாதிரி ஓட்டமாகப் பார்த்தேன். ஒரு குதிரை வீரனின் மீசை ஞாபகம் இருக்கிறது. குடைவரைக்குப் பக்கத்தில் பாறையில் பாட்டுக்கு உண்டான எழுத்துகளை வெட்டி வைத்திருக்கிறார்கள். படித்தவர்கள் கண்டால் பாடிக் காட்டுவார்களாம். எனக்கு அது எறும்பு வரிசை மாதிரிதான் தெரிந்தது. ஆனாலும் அவ்வளவு சின்ன எழுத்தை, அவ்வளவு பெரிய பாறையில், ஒரு பிழையில்லாமல் வெட்ட ஒருவன் எத்தனை நாள் உட்கார்ந்திருப்பான் என்று நின்று பார்க்கத் தோன்றியது. பார்க்க விடவில்லை. "அண்ணே, பன்னெண்டு அஞ்சு."

சாப்பாட்டுக்கு நிறுத்தச் சொன்னேன். காப்போடு இருக்கும்போது அவர் வெளியில் சாப்பிட மாட்டார். வீட்டிலிருந்து கொண்டுவந்த வாழைப்பழமும் ஒரு பாட்டில் மோரும்தான். "நீங்க சாப்பிடுங்கண்ணே, நான் பாத்துக்கிட்டு இருக்கேன்" என்றார். ஒருவர் பார்த்துக்கொண்டிருக்கும்போது சாப்பிட எனக்கு வராது. நார்த்தாமலையில் போய்ச் சாப்பிட்டுக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டேன். அந்தப் பெருந்தன்மைதான் எல்லாவற்றையும் கெடுத்தது.

உள்ரோட்டில் ஒரு ஊருக்குள் நுழையும்போது கருப்பையா சட்டென்று பிரேக்கை மிதித்தார். எதிரே தெருவை அடைத்து சாமியானா பந்தல். தப்புச் சத்தம். பிளாஸ்டிக் நாற்காலிகளில் ஆட்கள். இறந்த வீடு.

"ஓரமாப் போயிரலாம், இடம் இருக்கு," என்றேன்.

அவர் என்னைப் பார்த்த பார்வையில் நான் ஏதோ கெட்ட வார்த்தை பேசியதாகத் தெரிந்தது. கையில் காப்பு. அந்தப் பக்கம் தலைவைக்கக் கூடாது. அரைக் கிலோமீட்டர் பின்னாலேயே வண்டியை ஓட்டினார். நல்ல கைதான், குறை சொல்ல முடியாது. பிறகு ஒரு கண்மாய்க் கரையில் ஏற்றினார். இரண்டு பக்கமும் கருவேலம். வெட்டிப்போட்ட முள் கிளைகள் பாதையிலேயே கிடந்தன. அடுத்து என்ன நடக்கும் என்று கிளீனராக இருந்த எனக்குத் தெரியும். நடந்தது. இடது பின் சக்கரம் உட்கார்ந்துவிட்டது.

"ஸ்டெப்னிய எடுங்க," என்றேன்.

அவர் அசையவில்லை.

"ஸ்டெப்னி எங்க?"

"மச்சான் குடும்பத்தோட காரைக்குடி போறேன்னாரு. அவரு வண்டில ஸ்டெப்னி இல்லண்ணே. கொழந்தை குட்டியோட போறவுகள எப்படி அப்படியே அனுப்புறது? குடுத்துவிட்டேன்."

"எப்ப?"

"முந்தா நாளு."

மீதிச் சக்கரங்களுக்குக் கல் வைத்து, ஜாக்கி கொடுத்து, சக்கரத்தைக் கழற்றி, இரண்டு பேருமாக உருட்டிக்கொண்டு போனோம். கண்மாய்க் கரை முடிகிற கூட்டுரோட்டில் ஒரு பஞ்சர் கடை இருந்தது. கதவு திறந்திருந்தது. ஆள் இல்லை. பக்கத்தில் டீக்கடை வைத்திருந்த அம்மாள் எட்டிப் பார்த்தார்.

"ஆரோக்கியத்தைத் தேடுறீகளா? அவரு கேதத்துக்குல்ல போயிருக்காரு. அந்தா, பந்தல் போட்ருக்கே, அங்க."

கருப்பையா தலையில் கைவைத்துக்கொண்டு உட்கார்ந்தார். எந்த வீட்டுக்குப் பயந்து இவ்வளவு தூரம் சுற்றினாரோ அந்த வீட்டில்தான் பஞ்சர்க்காரர் இருக்கிறார். இவர் போக முடியாது. நான்தான் போக வேண்டும்.

"அண்ணே, பந்தலுக்குள்ள மட்டும் போயிராதீங்க. வெளிய நின்னே கூப்புடுங்க. அங்க எதையும் வாங்கிச் சாப்பிட்றாதீங்க. அப்பறம் குளிக்காம வண்டில ஏற முடியாது."

சரி என்று தலையாட்டினேன். போகிற வழியில் ஒரு இருசக்கர வண்டிக்காரர் ஏற்றிக்கொண்டார். அவரும் அந்த வீட்டுக்குத்தான் போகிறார். பந்தல் வாசலில் வரிசையாக உட்கார்ந்திருந்தவர்கள் எழுந்து கைகளை நீட்டினார்கள். துக்கத்தோடு ஒருவர் கையை நீட்டும்போது எப்படி நீட்டாமல் இருப்பது? ஏழெட்டுப் பேருடைய கைகளைத் தொட்டேன். "தூரத்துலேருந்து வந்திருக்கீக, கால் வேற முடியாம, உக்காருங்க" என்று ஒரு பெரியவர் நாற்காலியை இழுத்துப் போட்டார். உட்கார்ந்த இடம் பந்தலுக்கு நட்ட நடுவில் இருந்தது. ஆரோக்கியம் யார் என்று கேட்க வாயைத் திறப்பதற்குள் கையில் காபித் தம்ளர் வந்துவிட்டது. மணி ஒன்றரை. காலை இரண்டு இட்லிக்குப் பிறகு வயிற்றில் ஒன்றும் இல்லை. குடித்தேன். சுக்கு தட்டிப்போட்ட கருப்பட்டிக் காபி. அன்று முழுவதும் நான் சாப்பிட்டதில் அதுதான் உருப்படியானது.

ஆரோக்கியம் நல்ல மனிதர். விஷயத்தைச் சொன்னதும் எழுந்துவிட்டார். "எனக்கு ஏதுங்க தீட்டு. ஆனா அவரு கையில காப்பு இருக்கு, இன்னைக்குத் தேரு. தலையில ரெண்டு தண்ணி ஊத்திக்கிட்டு வேலையப் பாப்போம்" என்றார். அவருடைய வண்டியிலேயே திரும்பினோம். வழியெல்லாம் காபியைப் பற்றிச் சொல்லக் கூடாது என்று எனக்கு நானே முடிவு செய்துகொண்டு வந்தேன்.

கடை வாசலில் இறங்கியதும் ஆரோக்கியம் கருப்பையாவைப் பார்த்துத் தூரத்திலிருந்தே சொன்னார். "நான் குளிச்சுட்டுத்தான் டயரத் தொடுவேன், கவலப்படாதீக. ஐயாவையும் குளிச்சுரச் சொல்லுங்க. காபி குடிச்சுட்டாரு."

"அண்ணே," என்றார் கருப்பையா. டீக்கடைப் பக்கம் கையை நீட்டினார்.

டீக்கடைக்குப் பின்னால் ஒரு அடிபம்பு. ஆரோக்கியம் இரண்டு நிமிடத்தில் குளித்துவிட்டு, சொட்டச் சொட்ட டயரைப் பிரிக்க உட்கார்ந்துவிட்டார். இப்போது என் முறை. கருப்பையா பக்கத்தில் வர முடியாது. நானே பம்பை அடித்தேன். அடித்துவிட்டு, நொண்டிக்கொண்டே சுற்றி வந்து குழாய்க்கு அடியில் தலையை நீட்டினால் தண்ணீர் நின்றுவிட்டிருக்கும். திரும்பப் போய் அடித்தேன். திரும்ப வந்தேன். நாலாவது சுற்றில் தோள்வரைதான் நனைந்திருந்தது.

"தலை முழுசா நனையணும்ண்ணே," என்று தூரத்திலிருந்து குரல் வந்தது.

"வந்து அடிங்களேன்."

"அது முடியாதுல்ல."

டீக்கடை அம்மாள் கரண்டியைப் போட்டுவிட்டு வந்தார். "நகருங்க. ஆம்பளைக ரெண்டு பேரு ஒரு கொழாய்கிட்ட தோத்துப்போய் நிக்கிறீக" என்று சொல்லிக்கொண்டே அடித்தார். சட்டையோடு, பேண்டோடு, பையில் இருந்த கைக்குட்டையோடு முழுக்க நனைந்தேன். இந்தக் கூத்துக்குப் பத்து நிமிடம் ஆனது. அதற்குள் டயர் தயாராகிவிட்டது. தயாரான டயர் எனக்காகக் காத்திருந்தது. இதை ஏன் எழுதுகிறேன் என்பது பின்னால் தெரியும்.

திரும்பச் சக்கரத்தை உருட்டிக்கொண்டு போய் மாட்டிக் கிளம்பும்போது மூன்று மணி தாண்டிவிட்டது. ஈரத்துணியோடு நான் பின்னால் உட்கார்ந்திருந்தேன். கருப்பையாவின் மனைவி கைபேசியில் கூப்பிட்டார். "வடத்தத் தண்ணி தெளிச்சு எடுத்துட்டாங்க. நீங்க எங்க இருக்கீங்க? செல்லையா வேட்டிய மடிச்சுக் கட்டிக்கிட்டு சக்கரத்துக்கிட்டயே நிக்கிறாரு."

"வாரேன். வந்துக்கிட்டே இருக்கேன்."

"இதத்தான காலையிலேருந்து சொல்றீங்க."

நெடுஞ்சாலையில் நார்த்தாமலைக்குத் திரும்பும் இடம் வந்தது. மணி மூன்று நாற்பது. கருப்பையா வேகத்தைக் குறைத்தார். உள்ளே போய் என்னை இறக்கிவிட்டு வர எப்படியும் கால் மணி நேரம் ஆகும். அவர் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. பேசிய பேச்சுப்படி திருப்புவதற்கு விளக்கைப் போட்டுவிட்டார். மலை பக்கத்தில்தான் இருந்தது. சூரியன் இன்னும் உயரத்தில் இருந்தது. ஐந்தாவது தடவையாக, வெயில் பட்ட அந்தப் பாறையைச் சாலையிலிருந்தே பார்த்தேன்.

"நேரா விடுங்க," என்றேன்.

"அண்ணே..."

"நேரா விடுங்கன்னு சொல்றேன்ல. அங்க பாறை ஒன்னு இருக்குன்னீங்களே."

இதில் பெருந்தன்மை ஒன்றும் இல்லை. எனக்கு எரிச்சலாக இருந்தது. ஈரப் பேண்டோடு எந்தக் கோயில் வாசலிலும் உட்கார மனமில்லை. ஆனால் விளக்கை அணைத்துவிட்டு அவர் கியர் மாற்றிய வேகத்தில், அவர் காலையிலிருந்து எவ்வளவு அடக்கிக்கொண்டு ஓட்டியிருக்கிறார் என்று தெரிந்தது.

அவர் ஊருக்கு ஒரு கிலோமீட்டர் முன்னாலேயே பாதை அடைபட்டுவிட்டது. வேன், டிராக்டர், இருசக்கர வண்டிகள், ஐஸ் வண்டி. மேட்டில் ஏறுகிற இடத்தில் ஓரமாக நிறுத்தினார். மணி நாலு ஐந்து. சாவியை என் மடியில் போட்டார். "பாத்துக்கங்கண்ணே" என்று சொல்லிவிட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடினார். வெறுங்காலோடு, சரளைக்கல்லில், ஒரு ஆள் அப்படி ஓடி நான் பார்த்ததில்லை. அன்றைக்கு முதல்முறையாக அவர் சக்கரத்துக்குக் கல் வைக்கவில்லை.

நான் இறங்கினேன். வண்டி மேட்டில் நிற்கிறது. அதைப் பார்த்துக்கொண்டு சும்மா நிற்க முடியவில்லை. ஒரு கல்லை இரண்டு கையாலும் தூக்கிவந்து சக்கரத்துக்கு அணைவாக வைத்தேன். நிமிர்ந்தபோது ஊருக்குள்ளிருந்து வேட்டுச் சத்தம் கேட்டது. ஒன்று, இரண்டு, மூன்று.

"என்ன வேட்டு?" என்று ஐஸ்காரரைக் கேட்டேன்.

"வடம் தொட்டாச்சுங்க."

நாலு பத்து. அவர் பாதி தூரம்தான் போயிருப்பார்.

பாறை பாதையோரத்தில்தான் இருந்தது. கூட்டத்துக்குள் என் காலோடு போவது ஆகாத காரியம். மேலே போனால் தெரியும் என்று ஐஸ்காரர் கைகாட்டினார். ஏறினேன். கால்மணி நேரத்தில் ஏறக்கூடியது எனக்கு அரைமணி நேரம் ஆனது. சொல்ல மனமில்லாமல்தான் சொல்கிறேன், கருப்பையா சொன்னது சரி. தெற்கே நார்த்தாமலையின் பாறைகள் எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாகத் தெரிந்தன. தூரத்தில் மங்கலாகத் தெரிந்த கோடு காலையில் ஏறிய சித்தன்னவாசலாக இருக்கலாம். நடுவில் கண்மாய்கள், தைல மரக்காடு, முந்திரிக் கொல்லை. ஒரு நாள் முழுக்க நான் பட்ட பாடு அத்தனையும் ஒரு கையகலத்துக்குள் கிடந்தது.

கீழே தேர், கட்டைவிரல் உயரத்தில். நான் மேலே வந்தபோது முதல் தெருவைத் தாண்டி முக்கில் நின்றது. யார் கட்டை போட்டார்கள் என்று தெரியவில்லை. தேரைச் சுற்றி நின்ற அத்தனை பேரும் மஞ்சள் வேட்டிதான். திரும்பியது, இரண்டாவது தெருவில் ஓடியது. அடுத்த முக்கில் பாதை சரிவாக இருந்தது. அங்கே தேர் நிற்க வேண்டிய இடத்தில் நிற்காமல் போனது. ஒரு பக்கம் சாய்ந்தது. மேளம் நின்றது. அவ்வளவு பெரிய கூட்டத்தின் சத்தம் ஒரே அடியாக அடங்கிப்போனது பாறைமேல் இருந்த எனக்கே கேட்டது. வடத்தைப் போட்டுவிட்டுப் பெண்கள் பின்னால் ஓடினார்கள். நான் எழுந்து நின்றுவிட்டேன். எவ்வளவு நேரம் என்று சொல்லத் தெரியவில்லை. சூரியன் எனக்கு வலது கைப்பக்கம் இறங்கிக்கொண்டிருந்தது. நான் திரும்பிப் பார்க்கவில்லை.

பிறகு மேளம் ஒன்று மட்டும் தொடங்கியது. தேர் விரற்கடை அளவு அசைந்தது. நின்றது. இன்னொரு விரற்கடை. நின்றது. அப்படியே பிடித்துப் பிடித்து, நிமிர்ந்து, முக்கில் திரும்பி அடுத்த தெருவுக்குள் போனது. குலவைச் சத்தம் மேலேவரை வந்தது.

நான் இறங்கி வண்டிக்கு வந்தபோது இருட்டத் தொடங்கியிருந்தது. கருப்பையா எனக்கு முன்னாலேயே வந்து மட்கார்டில் சாய்ந்து நின்றிருந்தார். வேட்டி முழுக்க எண்ணெய்க் கறை. இடது உள்ளங்கை தோல் உரிந்திருந்தது.

"என்ன ஆச்சு?" என்றேன்.

"நான் போறதுக்குள்ள வேட்டுப் போட்டாங்க. முத ரெண்டு தெரு செல்லையாதான்." அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். "ரெண்டாவது முக்குல வாய்க்கா பக்கம் எறங்கிருச்சு. பயந்துட்டான். கட்டையப் போட்டவனுக்கு அத வெளிய உருவத் தெரியல. என்னையப் பாத்து, 'அண்ணே, புடிண்ணே'ன்னு கத்துறான். மிச்சம் ரெண்டு தெருவும் நான் போட்டேன்."

"அப்ப அடுத்த வருசம்?"

"பெரியாளுக பேசிட்டாங்க. இனிமே முத ரெண்டு தெரு அவன், பின் ரெண்டு தெரு நான். நம்ம வீட்டுது பாதியாப் போச்சு."

நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். போடாமல் இருக்க முடியவில்லை. வேட்டுக்கும் அவர் போய்ச் சேர்ந்ததற்கும் நடுவில் நாலு நிமிடம் இருக்கும், ஐந்து இருக்கும். அடிபம்பில் நான் சுற்றிச் சுற்றி வந்தது பத்து நிமிடம்.

"அந்தக் காபியை நான் குடிச்சிருக்கக் கூடாது," என்றேன்.

"பசிச்சிருக்கும்ல," என்றார்.

கதவைத் திறக்கப் போனவர் நின்று, சக்கரத்தைப் பார்த்தார். குனிந்தும் பார்த்தார்.

"இந்தக் கல்லை யாரு வச்சது?"

"நான்தான்."

"வண்டி மேட்டப் பாத்து நிக்குது. உருண்டா பின்னாலதான உருளும். நீங்க முன்னால வச்சிருக்கீங்க."

நான் பார்த்தேன். முன்னால்தான் வைத்திருந்தேன். லாரியில் ஆறு வருடம் கிளீனராக இருந்தவன்.

கருப்பையா உரிந்த கையை மடித்துக்கொண்டு, காலாலேயே அந்தக் கல்லைத் தள்ளி ஓரத்தில் விட்டார். அன்றைக்கு அவர் சிரித்து நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

"நல்லவேளைண்ணே," என்றார், "செல்லையா ஒங்களக் கூப்புடல."